களிமண்ணு முன்னாடி உக்காந்தா மண்டை காலி ஆயிடுது, ஐடியா எங்கேருந்து புடிக்கிறீங்க?

புளியமரத்தடி:

எல்லாருக்கும் வணக்கம். சென்னையில வேலை, சனி ஞாயிறு மட்டும் ஒரு செராமிக்ஸ் ஸ்டூடியோவுக்குப் போயிட்டிருக்கேன். வீல்ல, அதாவது குயவர் சக்கரத்துல, மண்ணை ஆடாம நடுவுல நிறுத்தி சென்டர் பண்றது ஓரளவு கைக்கு வந்துடுச்சு, குழாய் மாதிரி சிலிண்டர் இழுக்க வருது, கப்பு கிண்ணம் எல்லாம் சுமாரா வருது, ஹேண்டில் ஒட்டுறதுல மட்டும் இன்னும் தகராறு. ஆனா பிரச்சனை அது இல்ல. எங்க டீச்சர் போன மாசம், இனிமே நான் ஒண்ணும் சொல்லித் தர மாட்டேன், நீங்களே யோசிச்சு செய்ங்க, இயற்கையைப் பாருங்க, வீட்டுல தெருவுல தினமும் கண்ணுல படுறதைப் பாருங்க, அதுலேருந்து எடுங்கன்னு சொல்லிட்டாங்க.

நானும் பார்த்தேங்க. பெசன்ட் நகர் பீச்சுல சிப்பி பொறுக்கினேன், அடையாறு தியோசாபிகல் சொசைட்டி ஆலமரத்துக்குப் போயி விழுது விழுதா போட்டோ எடுத்தேன், போன்ல இலை, மேகம், செங்கல் சுவரு, ஈர மணலு, அது இதுன்னு ஒரு ஃபோல்டரே இருக்கு. கடைசில மண்ணு முன்னாடி உக்காந்தா என்ன செய்றேன், வழக்கமான கப்பு ஒண்ணு செஞ்சு அது மேல ஒரு இலையை வரையுறேன். பாக்குறதுக்கு பர்த்டே கிஃப்ட் கடையில விக்கிற மக்கு மாதிரியே இருக்கு. இல்லன்னா இன்ஸ்டால எல்லாரும் செய்ற அதே பீஜ் கலர், அதே பழுப்புப் புள்ளி, அதே கோணல் விளிம்பு.

இயற்கையிலேருந்து எடுக்கிறதுன்னா நிஜமாவே உக்காந்து என்னதான் செய்றீங்க? "மனசைத் திறந்து வையுங்க" டைப் பதில் வேணாம் ப்ளீஸ், கையால செய்ற மாதிரி எதாவது சொல்லுங்க. எங்க ஸ்டூடியோவுல ஸ்டோன்வேர் மண்ணு (அதிக சூட்டுல கல்லு மாதிரி இறுகுறது), எலக்ட்ரிக் கில்ன், அதாவது கரண்ட் சூளை, 1220 டிகிரி வரைக்கும் சுடுவாங்க, கிளேஸ், மேல பூசுற கண்ணாடிப் பூச்சு, அவங்க கலக்கி வெச்சிருக்கிற அஞ்சாறு பக்கெட்தான்.

ரெண்டாம்பெஞ்ச்:

காப்பி அடிங்க. சீரியஸாதான் சொல்றேன். உங்களுக்குப் புடிச்ச ஒரு பழைய பானையை எடுத்து அப்படியே செய்ய முயற்சி பண்ணுங்க, அதே மாதிரி வரவே வராது, அந்த வராத இடத்துலதான் நீங்க இருக்கீங்க. எல்லாரும் அப்படித்தான் கத்துக்கிட்டாங்க, சும்மா ஒரிஜினல் ஒரிஜினல்னு மண்டையை உடைச்சுக்காதீங்க.

சவுக்குத்தோப்பு:

நான் பாண்டிச்சேரி பக்கம் சின்னதா ஸ்டூடியோ வெச்சிருக்கேன். 1971ல ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் இங்க கோல்டன் பிரிட்ஜ் பாட்டரின்னு ஆரம்பிச்சாங்கல்ல, அதுக்கப்புறம்தான் இந்த ஊர்ல ஸ்டோன்வேர் செய்றவங்க இவ்வளவு பேரு. அங்க படிச்ச ஒருத்தர்கிட்ட நான் கத்துக்கிட்டேன், அதனால நான் சொல்றதுல பாதி அவரு சொன்னது.

புளியமரத்தடி, உங்க கேள்வியிலேயே பதில் இருக்குன்னு நினைக்கிறேன். நீங்க போட்டோ எடுத்திருக்கீங்க, போட்டோல இருக்கிறது அந்தப் பொருளோட தோற்றம், அதைக் கொண்டாந்து கப்பு மேல ஒட்டினா ஸ்டிக்கர் மாதிரிதான் இருக்கும். அதுக்குப் பதிலா, அது ஏன் அப்படி ஆச்சுன்னு பாருங்க. ஒரு உதாரணம் சொல்றேன். சித்திரை மாசம் வத்திப்போன ஏரிக்குள்ள நடந்திருக்கீங்களா, மண்ணு பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கும். ஏன் வெடிக்குது, மேல இருக்கிற வண்டல் காஞ்சு சுருங்குது, அடியில இன்னும் ஈரம் இருக்கு, அது சுருங்கல, மேல உள்ளது போறதுக்கு இடமில்லாம பிளந்துக்குது. அவ்வளவுதான் விஷயம். இப்ப அதே விஷயத்தைக் கப்புல பண்ண முடியுமா? முடியும். தடிமனா ஒரு சிலிண்டர் இழுங்க, வெளிப்பக்கம் சோடியம் சிலிகேட், கடையில வாட்டர் கிளாஸ்னு கேட்டா குடுப்பாங்க, அதை பிரஷ்ஷால தடவுங்க, ஹேர் டிரையர் வெச்சு வெளித்தோல் கையில ஒட்டாத அளவுக்குக் காய வைங்க, அப்புறம் வெளியில கையே வைக்காம உள்ளேருந்து மட்டும் மெதுவா வயிறு தள்ளுங்க. தோல் விரிய முடியாது, உள்ள மண்ணு விரியும், அப்படியே ஏரி மாதிரி வெடிக்கும். நீங்க எதையும் வரையல, ஏரியில நடந்தது உங்க வீல்ல நடக்குது. ஒவ்வொரு பானையிலயும் வேற மாதிரி வரும், எவ்வளவு காய விட்டீங்க, எவ்வளவு தள்ளினீங்கங்கிறதைப் பொறுத்து.

ஒரு எச்சரிக்கை, அந்த மண்ணுத் துண்டுகளை ரீசைக்கிள் பக்கெட்டுல போட்டுடாதீங்க, சோடியம் சிலிகேட் கலந்தா மொத்த மண்ணும் கொழகொழன்னு ஆயிடும், ஸ்டூடியோக்காரங்க உங்களைத் துரத்துவாங்க. காஞ்ச ஓரங்க கண்ணாடி மாதிரி கீறும், அதையும் பாத்துக்கங்க.

இதே கதைதான் கிராக்கிள் கிளேஸும். சூளை ஆறும்போது கிளேஸ் அடியில இருக்கிற மண்ணை விட அதிகமா சுருங்கினா மேல பூரா கோடு கோடா விரியும். சாதாரணமா அது குறை, ஆனா சீனாவுல சோங் ராஜாக்கள் காலத்துல குவான், கேங்கிற பாத்திர வகைகள்ல அதையே அழகா எடுத்துக்கிட்டாங்க, அந்த விரிசலுக்குள்ள கருப்பு ஏத்தி இன்னும் எடுப்பாக்கினாங்க. பனிக்கட்டியோட படத்தையோ ஏரியோட படத்தையோ அவங்க வரையல பாருங்க.

இன்னொருத்தரைச் சொல்லணும், ஹமாடா ஷோஜி, 1894லேருந்து 1978 வரைக்கும் இருந்தவரு, ஜப்பான்ல மஷிகோங்கிற ஊர்ல சூளை வெச்சிருந்தவரு. ஒகினாவா தீவுல கரும்புத் தோட்டத்தைப் பார்த்து ஒரு டிசைன் புடிச்சாரு. ஒரு தண்டு, ரெண்டு மூணு சோகை, பிரஷ்ஷை வெச்சு நாலஞ்சு இழுப்பு. அதை வருஷக்கணக்கா விடாம போட்டாரு. அதைப் பாத்தா இது கரும்புன்னு சொல்ல மாட்டீங்க, காத்து ஒரு பக்கமா அடிக்கும்போது சோகை வளையுற அந்த வளைவு மட்டும் தெரியும். ஏன்னா அவரு கை அந்த வேகத்துல போச்சு, பிரஷ்ஷும் சோகையும் ஒரே மாதிரி வளையுற சாமான். பெரிய கரண்டியில கிளேஸை மொண்டு தட்டு மேல வீசுவாராம், பாத்துட்டிருந்த ஒருத்தர் இதுக்கு 15 செகண்டுதானே ஆச்சுன்னு கேட்டதுக்கு, 60 வருஷமும் 15 செகண்டும்னு சொன்னாருன்னு ஒரு கதை எல்லா செராமிக்ஸ் கிளாசுலயும் ஓடும், உங்க டீச்சரும் எப்பவாச்சும் சொல்லுவாங்க.

ஒரே பொருளை எடுத்துக்கங்க. ஃபோல்டரை மூடிடுங்க.

வேளார்வீட்டுப்பிள்ளை:

நான் சிவகங்கை மாவட்டம், வேளார் வீடு. எங்க தாத்தா, அப்பா எல்லாரும் பானையும் புரவியும் செஞ்சவங்க, நான் படிச்சிட்டு வேற வேலைக்கு வந்துட்டேன் ஆனா ஊருக்குப் போனா இன்னமும் மண்ணு மிதிப்பேன். இங்க எல்லாரும் இன்ஸ்பிரேஷன் இன்ஸ்பிரேஷன்னு பேசுறதைப் பாக்கும்போது கொஞ்சம் சிரிப்பு வருது, கோச்சுக்காதீங்க. எங்க வீட்டுல யாரும் ஐடியா வரட்டும்னு காத்திருந்ததில்ல. புரவி எடுப்பு வருதுன்னா ஊர்க்காரங்க பிடிமண் கொண்டாந்து குடுப்பாங்க, கைப்பிடி மண்ணுதான், அதை வாங்கிட்டா வேலை தொடங்கிடணும், தேதி குறிச்சாச்சு, அன்னிக்கு அய்யனார் கோயிலுக்குக் குதிரை போயே ஆகணும். ஐடியா வரலன்னு சாமிகிட்ட சொல்ல முடியுமா.

ஆனா ஒவ்வொரு குதிரையும் ஒரே மாதிரி இருக்கும்னு நினைக்காதீங்க. தாத்தா செஞ்ச குதிரைக்கும் அப்பா செஞ்ச குதிரைக்கும் மூஞ்சி வேற. தாத்தா குதிரை பல்லைக் காட்டும், அப்பா குதிரை கொஞ்சம் சாது. யாரும் பிளான் பண்ணி அப்படிச் செய்யல. முதல்ல நாலு காலும் உள்ள கூடா நிறுத்துவாங்க, வைக்கோலும் மணலும் சேர்த்து மிதிச்ச மண்ணு, இல்லன்னா அவ்வளவு தடிமனுக்கு சூளையில வெடிச்சிடும், கால் கொஞ்சம் விறைக்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் வயிறு ஏத்துவாங்க, அது தாங்கும்னு தெரிஞ்சப்புறம் கழுத்து. அவசரப்பட்டா உக்காந்துடும். அந்தக் கால் ஏன் அவ்வளவு தடியா தூண் மாதிரி இருக்குன்னு வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வந்து வியந்து எழுதுறாங்க, காரணம் ஈரமா இருக்கும்போதே மேல இருக்கிற கனத்தைத் தாங்கணும்ல. சவுக்குத்தோப்பு அண்ணே சொன்னது அந்த வகையில சரிதான்.

அப்புறம் இன்னொண்ணு, திருவிழா முடிஞ்சா குதிரை அப்படியே கோயில் தோப்புல நிக்கும், மழையில வெயில்ல கரைஞ்சு உடைஞ்சு போகும், யாரும் எடுத்து மியூசியத்துல வைக்க மாட்டாங்க, அடுத்த தடவை புதுசு செய்வாங்க. அதனால ஒரு பானை நல்லா வரணுமேங்கிற பயமே எங்க ஆளுங்களுக்குக் கிடையாது. உங்களுக்கு அந்தப் பயம் இருக்குன்னு தோணுது. சுடாம நிறைய செய்ங்க, தண்ணியில போட்டுக் கரைங்க, திரும்ப செய்ங்க. மண்ணு ஒண்ணும் காசு இல்லையே, சுட்டாத்தானே செலவு.

ரெண்டாம்பெஞ்ச்:

சாமிகிட்ட ஐடியா வரலன்னு சொல்ல முடியுமா 😂 இதை எங்க ஆபீஸ் டிசைன் டீமுக்கு அனுப்புறேன்.

புளியமரத்தடி:

ரொம்ப நன்றி எல்லாருக்கும், இவ்வளவு பதில் வரும்னு எதிர்பாக்கல. வேளார்வீட்டுப்பிள்ளை, நீங்க சொன்ன பயம் கரெக்ட், ஸ்டூடியோவுல ஒவ்வொரு பீஸுக்கும் ஃபயரிங் சார்ஜ் வாங்குறாங்க, அதனால செஞ்ச எல்லாத்தையும் காப்பாத்தணும்னு தோணிடுது.

வாட்டர் கிளாஸ் விஷயம் கண்டிப்பா செஞ்சு பாக்குறேன். ஆனா ஒரு சந்தேகம், இது எல்லாமே வெளித்தோலைப் பத்தியே இருக்கே, வடிவத்துக்கு என்ன பண்றது? டீச்சர் தினசரி வாழ்க்கைன்னு சொன்னாங்கல்ல, என் தினசரி வாழ்க்கைன்னு பாத்தா ஆபீஸ், மெட்ரோ, வீடு, லேப்டாப், இதுல வனையுறதுக்கு என்ன இருக்கு?

கரிக்கோல்_டீச்சர்:

நான் அரசுப் பள்ளி ஓவிய ஆசிரியை, திருநெல்வேலிப் பக்கம். வீல் வேலை எனக்கு அதிகம் தெரியாது, கையால தட்டி செய்றதும் சுருள் வெச்சுச் செய்றதும்தான் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கிறேன். ஆனா கடைசிக் கேள்விக்கு எனக்கு ஒண்ணு சொல்லத் தோணுது.

உங்க வீட்டுல காபி எதுல குடிக்கிறீங்கம்மா? எங்க வீட்டுல டம்ளர் டபரா. அந்த டம்ளரைக் கொஞ்ச நேரம் கையில வெச்சுப் பாருங்க. விளிம்பு வெளிப்பக்கமா மடங்கியிருக்கும். ஏன்? ஒண்ணு, கொதிக்கிற காபியை அந்த விளிம்பைப் புடிச்சுத்தான் தூக்க முடியும். இன்னொண்ணு, நம்ம வீட்டுல தூக்கிக் குடிக்கிறவங்க ஜாஸ்தி, வாயில படாம ஊத்தணும்னா உதடு விரிஞ்சிருந்தாத்தான் ஒழுங்கா விழும், இல்லன்னா சட்டையில. டபரா எதுக்கு, ஆத்துறதுக்கு. அகலமா இருந்தாத்தான் சீக்கிரம் ஆறும், சுவர் நேரா நின்னாத்தான் ஊத்தும்போது சிந்தாது. இவ்வளவு யோசனை ஒரு எவர்சில்வர் சாமான்ல இருக்கு, நீங்க கிளாசுக்குப் போயி காதுள்ள மக்கு செய்றீங்க, ஹேண்டில் தகராறுன்னு வேற சொல்றீங்க. அந்தக் காது யாரோ வேற ஊர்ல வேற மாதிரி குடிக்கிறவங்களுக்காக வந்தது. டம்ளர் டபராவை மண்ணுல செஞ்சா என்ன ஆகும்? அந்த மெல்லிசு விளிம்பு மண்ணுல வராது, வந்தாலும் சில்லு சில்லா பேரும், அப்ப தடிமனாக்கணும், தடிமனாக்கினா வாயில படாம ஊத்துறது கஷ்டம், கனம் கூடும், அடியில பாதம் வெச்சா சூடு மேசைக்கு இறங்காது, கைக்கு என்ன பண்றது? இப்படி ஒண்ணு மாத்தினா இன்னொண்ணு இடிக்கும். அந்த இடியாப்பச் சிக்கலை நீங்களே உக்காந்து பிரிச்சு முடிக்கிறப்ப கையில நிக்கிற வடிவம் யாரோட இன்ஸ்டாலயும் இருக்காது.

அன்றாட வாழ்க்கையை வனையுறதுக்கு என்ன இருக்குன்னு கேட்டீங்க. ஆதிச்சநல்லூர்ல 2004ல தொல்லியல் துறை தோண்டினப்ப ஒரு பானை ஓடு கிடைச்சது, அதுல மண்ணை ஒட்டி ஒட்டி ஒரு காட்சி செஞ்சிருக்காங்க. உயரமா ஒரு பொண்ணு நிக்கிறா, பக்கத்துல நெற்கதிர், ஒரு கொக்கு, ஒரு மான், ஒரு முதலை. தாமிரபரணிக் கரையில நின்னா அன்னிக்குக் கண்ணுல பட்டது அவ்வளவும்தானே. எங்க பிள்ளைங்ககிட்ட அந்தப் படத்தைக் காட்டிட்டு இன்னிக்கு நீங்க ஆத்தங்கரையில என்ன பாக்குறீங்க செய்ங்கடான்னு சொன்னேன். ஒருத்தன் மோட்டார் பம்பு செஞ்சான், ஒரு பொண்ணு துணி துவைக்கிற கல்லும் அது மேல சோப்பு டப்பாவும் செஞ்சா, சோப்பு டப்பா மூடி கூடத் திறக்குது. அடுத்த வருஷமும் அதே வேலை குடுத்தேன், பாதிப் பேர் கூகுள்ல பாத்து மயில் செஞ்சிட்டு வந்தாங்க, அதனால இப்ப போன் வாங்கி வெச்சிட்டுத்தான் ஆரம்பிக்கிறது.

இலையை விட்டுட வேணாம், இலை நல்ல சாமான்தான். வரையாதீங்க, அழுத்துங்க. நரம்பு புடைச்சிருக்கிறது அடிப்பக்கம், அதை மண்ணு மேல வெச்சு பூரிக்கட்டையால ஒரே சீரா உருட்டுங்க. தேக்கு இலை அருமையா வரும், சொரசொரப்பு கூட பதியும். காஞ்சப்புறம் ஒரு சுடு சுட்டு, இரும்பு ஆக்சைடைத் தண்ணியில கலந்து தேய்ச்சு ஸ்பாஞ்சால துடைச்சா பள்ளத்துல மட்டும் நிக்கும். கயிறு, பாய், பனையோலை, கோணிச்சாக்கு எல்லாமே இப்படி அழுத்தலாம். ஜப்பான்ல ஜோமோன் காலத்துல, 10,000 வருஷத்துக்கு முன்னாடியே, கயித்தை ஈர மண்ணுல உருட்டித்தான் பானை மேல கோலம் போட்டாங்க.

சவுக்குத்தோப்பு:

டீச்சரோட டம்ளர் டபரா பாயிண்ட் எனக்கே புதுசு, நாளைக்கே நான் செஞ்சு பாக்கப் போறேன், ஐடியா திருட்டுன்னு சொல்லாதீங்க. விளிம்பு பத்தி ஒண்ணு சொல்லணும், உள்பக்கம் மெல்லிசா இறக்கி வெளியில ஒரு உருட்டு விட்டா பேராது, ஊத்தவும் செய்யும்.

இதோட லூசி ரீ அம்மாவையும் சேத்துக்கலாம். வியன்னாக்காரங்க, 1938ல நாஜிகள்கிட்டேருந்து தப்பிச்சு லண்டன் வந்தாங்க. வந்த இடத்துல பானைக்கு வேலை இல்ல, போர்க்காலத்துல வயித்துப்பாட்டுக்கு பீங்கான் பட்டன் செஞ்சாங்க, டிரெஸ் கலருக்கு ஏத்தமாதிரி பட்டன் கலர் வரணும், அதுல கிளேஸ் கலர் மேல கிடைச்ச கை பின்னாடி கிண்ணங்கள்ல நல்லா தெரியும். அப்புறம் ஏவ்பரின்னு ஒரு ஊர் மியூசியத்துல வெண்கலக் காலப் பானையும் அதைக் கீறுற பறவை எலும்பும் பக்கத்துல பக்கத்துல வெச்சிருந்ததைப் பாத்துட்டு வந்து ஊசியால தன் கிண்ணத்துல மெல்லிசு கோடு கீற ஆரம்பிச்சாங்க. அந்தக் கோலத்தை அவங்க எடுத்துக்கல பாருங்க, கீறுற வேலையைத்தான் எடுத்துக்கிட்டாங்க. ரெண்டாம்பெஞ்ச் சொன்ன காப்பிக்கும் இதுக்கும் அதுதான் வித்தியாசம்னு எனக்குத் தோணுது.

ரெண்டாம்பெஞ்ச்:

அண்ணே நானும் அதைத்தானே சொன்னேன், ரெண்டு வரியில.

புளியமரத்தடி:

டீச்சர், வீட்டுல அம்மா இன்னும் டம்ளர் டபராதான், நான்தான் மக்கு. நேத்து அம்மா ஆத்துறதை வீடியோ எடுத்து ஸ்லோ மோஷன்ல பாத்தேன், கை மணிக்கட்டுதான் வேலை செய்யுது, டம்ளர் அடியில ஒரு விரல் தாங்குது. அந்த விரலுக்கு ஒரு பள்ளம் வெச்சு ரெண்டு டம்ளர் செஞ்சிட்டேன், விரல் இடம் கொஞ்சம் கோணலா வந்திருக்கு, காஞ்சு சுட்டு முடியுறப்ப பத்துப் பன்னெண்டு சதவீதம் சுருங்கிடும்ல, அதுக்கு இடம் விட்டு செய்யணும்னு அப்புறம்தான் எங்க டீச்சர் சொன்னாங்க, அம்மாவுக்கு இல்லாம சின்னப் பிள்ளைங்களுக்குத்தான் சரியா இருக்கும் போல.

இப்ப கிளேஸ் பத்தி ஒரு கேள்வி. பக்கெட்டுல இருக்கிற கலர் எதுவும் இதுக்குப் புடிக்கல. சாம்பல் கிளேஸ்னு படிச்சேன், நம்ம ஊர் சாம்பலை வெச்சு செய்ய முடியுமா, எலக்ட்ரிக் கில்ன்ல வருமா?

சவுக்குத்தோப்பு:

வரும், ஆனா 1220க்குக் கொஞ்சம் உதவி வேணும். 1280 பக்கம் போனா மரச்சாம்பல் பாதி களிமண் பாதி கலந்தாலே உருகிடும், மரச்சாம்பல்ல சுண்ணாம்புச் சத்து இருக்கு, அதுதான் உருக்கி விடுது. உங்க சூட்டுக்கு அதோட ஃபெல்ட்ஸ்பாரும் (ஒரு வகைக் கல்லுப் பொடி) கொஞ்சம் ஃப்ரிட்டும் (உருக்கி அரைச்ச கண்ணாடித் தூள்) சேர்க்கணும், அளவு உங்க மண்ணைப் பொறுத்தது, அஞ்சாறு விதமா கலந்து சின்னச் சின்ன ஓட்டுல டெஸ்ட் பண்ணுங்க. உமி சாம்பல் வேற கதை, அதுல பெரும்பகுதி சிலிக்கா, தனியா உருகாது, வெள்ளையா பால் மாதிரி கிளேஸ் வேணும்னா அதைச் சேர்க்கலாம். பச்சை நீலம் எல்லாம் எதிர்பாக்காதீங்க, எலக்ட்ரிக் கில்ன்ல மரச்சாம்பல் தேன் கலர்லேருந்து பழுப்பு வரைக்கும் போகும், செம்மண் கொஞ்சம் சேர்த்தா கருப்பு கிட்ட வரும்.

டெஸ்ட் ஓட்டு அடியில ஒரு மண்ணுத் தட்டு கண்டிப்பா வைங்க, சாம்பல் கிளேஸ் ஓடும், கில்ன் ஷெல்ஃப்ல ஒட்டிக்கிச்சுன்னா உங்க ஸ்டூடியோ அடுத்த தடவை உள்ள விடாது. குடிக்கிற டம்ளர்ங்கிறதால இன்னொண்ணு, சுட்டு வந்தப்புறம் எலுமிச்சம்பழத்தை அறுத்து ஒரு ராத்திரி உள்ள போட்டு வைங்க, கலர் மாறினாலோ பளபளப்பு போனாலோ அந்தக் கலவையை உள்பக்கம் போடாதீங்க, வெளியில மட்டும் போதும்.

புளியமரத்தடி:

சூப்பர். சாம்பலுக்கு எங்க தெருமுனை டீக்கடையில கேக்கலாமா?

வேளார்வீட்டுப்பிள்ளை:

டீக்கடையில இப்ப எல்லாம் கேஸுதானேம்மா. விறகு அடுப்பா இருந்தாலும் பால் கவரு, பிளாஸ்டிக்கு எல்லாத்தையும் உள்ள போட்டு எரிப்பாங்க, அது வேணாம். கல்யாண மண்டபத்துல விறகு வெச்சு சமைக்கிறவங்ககிட்ட சொல்லி வைங்க, ஒரே மரமா இருந்தா இன்னும் நல்லது, சவுக்கோ புளியோ எதுன்னு கேட்டு சாக்கு மேல எழுதி வைங்க, அடுத்த தடவை அதே கலர் வேணும்னா அது தெரிஞ்சிருக்கணும். கரித்துண்டை சலிச்சு எடுத்துட்டு தண்ணியில கரைச்சு, மேல மிதக்கிறதைக் கொட்டி, ரெண்டு மூணு தடவை தண்ணி மாத்துங்க. அந்தத் தண்ணி கையை அரிச்சிடும், கிளவுஸ் இல்லாம கை விடாதீங்க.